ஆறு பேர்ச் காணியும் வாடகைக்குடியும்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. வீடு கட்டுகிறவனுடைய அவதியைச் சொல்ல இப்படியொரு பழமொழி இருக்கிறது. கட்டியவனுக்கு மாதந்தோறும் பணத்தை எண்ணிக் கொடுத்து அவனுடைய கூரையின் கீழ் ஒதுங்கியிருப்பவனுடைய அவதியைச் சொல்ல, நமக்குத் தெரிந்தவரை, ஒரு பழமொழியும் இல்லை. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பழமொழிகள் வளவும் வேலியும் கிணறும் உடையவர்களின் திண்ணைகளிலே பிறந்தவை. யாழ்ப்பாணத்திலே பிறர் காணியிற் குடிலமைத்துத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் சொந்த மண் ஒரு பிடியும் இருந்ததில்லை. அவர்களுடைய துயரத்தையும் அத்திண்ணைகள் பேசவில்லை.

கொழும்பிலே வாடகைக்கு இருப்போரைப் பற்றிப் பேசும்போது நம் முற்போக்கு நண்பர்கள் வழக்கமாக ஒன்றைச் சொல்வார்கள்: வீட்டுக்காரனின் பேராசையே வாடகையை ஏற்றுகிறது. அது மெய்தான். ஆயினும் அது மெய்யின் ஒரு பாதியே. பேராசை எங்கும் எக்காலத்தும் உண்டு. ஓரிடத்திலே அது ஐயாயிரத்தோடு அடங்குவதும் இன்னோரிடத்திலே ஐம்பதாயிரம் கேட்பதும் எதனால்? இக்கேள்விக்கு விடையில் ஒரு பங்கு, எவரும் விரும்பிப் படிக்காத வர்த்தமானி இதழ்களுக்குள்ளே கிடக்கிறது. ஒரு காணியை எவ்வளவு சிறிதாகத் துண்டாடலாம், அதில் எத்தனை மாடி எழுப்பலாம், முன்னுள்ள வீதி எத்தனை அடி அகலம் இருக்கவேண்டும், எந்தப் பகுதியிலே குடியிருக்கலாம், எந்தப் பகுதியிலே கடை வைக்கலாம் என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. பொறியியலாளரின் வறண்ட நடையிலே எழுதப்பட்ட இவ்விதிகளை எதிர்த்து எவரும் ஊர்வலம் போனதில்லை, சுவரொட்டி ஒட்டியதுமில்லை. ஆனால் நம் சம்பளத்தில் எத்தனை பங்கு முதலாந் திகதியன்றே கைமாறிப் போகவேண்டுமென்பதைத் தீர்மானிப்பதில் இவற்றுக்கும் கையுண்டு.

இவ்விதிகள் கொடுமையான எண்ணத்தோடு பிறந்தவை அல்ல. 1914ஆம் ஆண்டின் தொடக்கத்திலே கொழும்பிலே கொள்ளைநோய் புகுந்தது. தானியக் கிடங்குகளின் எலிகளும், காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகளும் அந்நோயை வளர்த்தன. அதற்கு அடுத்த ஆண்டிலே, 1915இல், வீடமைப்பு, நகரத் திருத்தக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. வீதியோரத்துக் கட்டடம் எவ்வளவு உயரலாம் என்பதற்கு 63½ பாகைக் கோணமொன்றை அச்சட்டம் வகுத்தது. எதிர்வீட்டு யன்னலுக்கு வானம் தெரியவேண்டுமென்பதே அதன் கருத்து. வெளிச்சத்தைச் சட்டத்தினால் அளந்து கொடுத்த அந்த முயற்சியை நாம் பழிக்கப் போவதில்லை. ஏழைக்கும் காற்று வேண்டும்.

ஆனால் ஒரு வீடு இன்ன தரத்துக்குக் குறையலாகாது என்று சட்டம் சொல்லலாம். அந்தத் தரத்து வீட்டைக் கட்டிக் கொடுப்பதாகச் சட்டம் சொல்வதில்லை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்யாமல் விட்டால், தரங்குறைந்த வீட்டிலிருந்தவன் தரமான வீட்டுக்குப் போவதில்லை. சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத வீட்டுக்கே போகிறான்.

1921இல் பற்றிக் கெடிஸ் என்ற ஸ்கொத்லாந்து அறிஞர் கொழும்புக்கு ஒரு திட்டம் வரைந்து, இதனைக் கிழக்கின் பூங்கா நகரமாக்கக் கனவு கண்டார். பின்னர் 1940இல் ஹொலிடே என்பவரும் 1949இல் அபர்குரொம்பி என்பவரும் திட்டங்கள் தந்தனர். இடையே 1946இல் நகர, நாட்டுத் திட்டமிடற் கட்டளைச் சட்டம் வந்தது. குடியிருக்க ஒரு வலயம், வணிகத்துக்கு ஒரு வலயம், தொழிலுக்கு ஒரு வலயம் என்று நகரத்தை வகுத்துப் பார்க்கும் பழக்கம் இவ்வாறு வேரூன்றியது. பூங்கா நகரம் பிறந்ததா என்றால், ஒருவகையிற் பிறந்தது என்றே சொல்லவேண்டும். கொழும்பிலே 'தோட்டம்' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. கறுவாத்தோட்டம் என்றால் அகன்ற மர நிழல் வீதிகள், உயர்ந்த மதில்கள், ஒரு குடும்பத்துக்கு ஒரு வளவு. வெறுமனே 'தோட்டம்' என்றால், ஒரு தண்ணீர்க் குழாயையும் ஒரு மலகூட வரிசையையும் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் முடுக்கு. ஒரே மாநகர சபை, ஒரே சட்டம், ஒரே சொல். தோட்டம் மட்டும் இரண்டு.

இனி, தலைப்பிற் சொன்ன ஆறு பேர்ச்சுக்கு வருவோம். 1978ஆம் ஆண்டின் சட்டத்தினால் நிறுவப்பட்ட நகர அபிவிருத்தி அதிகார சபை, 1986இல் திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. வீடு கட்டுவதற்குரிய காணித்துண்டு 150 சதுர மீற்றருக்குக் குறையலாகாதென்பது அவற்றுள் ஒன்று. நம் நாட்டுக் கணக்கிலே அது ஏறத்தாழ ஆறு பேர்ச். குடியிருப்புக் கட்டடம் காணியின் 65 வீதத்துக்கு மேல் மூடலாகாதென்பது இன்னொன்று. ஆறு பேர்ச் என்பது 1,633 சதுர அடி. அதில் 65 வீதம் 1,061 சதுர அடி. எஞ்சியது வெளி.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாணவர்கள் பொறுத்தருள்க, ஆசிரியத் தொழிலின் பழக்கம் விடுவதில்லை. நகரத்தின் ஒரு மூலையிலே ஒரு பேர்ச் 20 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர்ச்சுக்கு ஒரு கோடியே 20 இலட்சம். அந்தப் பணத்துக்கு ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஆறு வீதமாவது தேடாமல் எந்த வீட்டுக்காரனும் விடமாட்டான். அது ஆண்டுக்கு ஏழு இலட்சத்து 20 ஆயிரம். மாதத்துக்கு 60,000 ரூபா. ஒரு செங்கல்லும் வைக்குமுன்பே, மண்ணுக்கு மாத்திரம் இவ்வளவு! அக்காணியிலே ஒரு குடும்பம் மட்டுமே இருக்கலாமென்றால் இந்த 60,000மும் அதன் தலையில் விழும். ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு குடும்பங்கள் இருக்கலாமென்றால் தலைக்கு 15,000. மண்ணின் விலையை நாம் மாற்றவில்லை; வீட்டுக்காரனின் பேராசையையும் குறைக்கவில்லை. விதி ஒன்றே மாறியிருக்கிறது.

அந்த நான்கு குடும்பங்களை அடுக்குவதற்கு விதி இலேசில் இடங்கொடுக்கிறதா? வீதியின் அகலத்தைப் பொறுத்தே கட்டடத்தின் உயரம் அனுமதிக்கப்படுகிறது. மாடிமனைகளென்றால் மோட்டார் வண்டிகளை நிறுத்துவதற்கும் இடங் காட்டவேண்டும். காலி வீதிமுகத்திலே பெருங்காணி வாங்கக்கூடிய கம்பனி இவ்விரண்டையும் இலகுவாக நிறைவேற்றிப் பல மாடி எழுப்புகிறது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் ஒடுங்கிய குச்சொழுங்கைக்குள்ளே தன் ஓய்வூதியப் பணத்தைப் போட்டு மேலே இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட நினைக்கும் ஓய்வுபெற்ற எழுதுவினைஞனுக்கு இரண்டும் எட்டாக்கனி. துவிச்சக்கர வண்டியும் இல்லாத வாடகைக்குடிக்காக அவன் மோட்டார் நிறுத்த இடம் ஒதுக்கவேண்டும். விதி எல்லோருக்கும் பொதுவானதே. ஆனால் பெருமுதலுக்கு அது வாசற்படி. சிறுமுதலுக்கு அது மதில்.

ஆகவே அந்த எழுதுவினைஞன் என்ன செய்கிறான்? அனுமதியின்றிக் கட்டுகிறான்.

இதை நாம் ஏட்டிலே படித்து அறிந்ததில்லை. 1990களின் பிற்பகுதியிலே, மாற்றலாகிக் கொழும்புக்கு வந்த காலத்தில், இல்லாளோடும் கைக்குழந்தையோடும் வெள்ளவத்தையின் ஓர் ஒழுங்கையிலே மேல்வீட்டு 'அனெக்ஸ்' ஒன்றில் நாம் குடியிருந்தோம். ஓர் அறை, திரைச்சீலையினால் மறைத்த ஒரு குசினி, வெளிப்புறத்திலே செங்குத்தான இரும்புப் படிக்கட்டு. வாடகை நம் சம்பளத்தில் ஏறத்தாழப் பாதி. அதன்மேல் ஆறு மாத முற்பணம். வீட்டுக்கார அம்மாள் ஊரிலே வீட்டை இழந்து வந்தவர், நல்லவர்; குழந்தைக்குக் காய்ச்சலென்றால் இரவிலே விழித்திருப்பார். ஆனால் குடிவந்த முதல் நாளிலேயே அவர் சொன்னது இது:

"தம்பி, ஆரும் வந்து கேட்டா எங்கட சொந்தக்காரர் எண்டு சொல்லுங்கோ. வாடகை எண்டு மட்டும் வாய் திறக்காதேங்கோ."

"ஏன் அம்மா?"

"மேல் அறைக்குப் பிளான் பாஸ் பண்ணேல்லை, மோனை. உங்களுக்குத் துண்டும் எழுதித் தர ஏலாது."

துண்டு என்று அவர் சொன்னது வாடகைப் பற்றுச்சீட்டை. ஆக, நாம் அங்கே இருந்தோம், ஆனால் இல்லை. அக்காலத்திலே கொழும்பில் ஒவ்வொரு வீட்டாரும் தம் வீட்டிலுள்ளோரின் பெயர்களைப் பொலிசாருக்கு எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. தமிழர் வீடுகளில் அந்தப் படிவம் எவ்வளவு பத்திரமாகப் பேணப்பட்டதென்பதை அன்று வாழ்ந்தோர் அறிவர். பொலிசாரின் படிவத்திலே உறவினராக நம் பெயர் இருந்தது. மாநகர சபையின் ஏட்டிலோ நாம் படுத்துறங்கிய அறையே இல்லை. பாதுகாப்புக்கு அச்சுறுத்தலாக எண்ணுவதற்கு மட்டும் நாம் இருந்தோம். குடியிருப்பாளனாக உரிமை கேட்பதற்கு இல்லை. 2007 யூன் 7ஆந் திகதி அதிகாலையிலே கொழும்பின் லொட்ஜுகளிலிருந்து 300க்கு மேற்பட்ட தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றினார்களல்லவா? மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அங்கே முதற்காரணம் இனம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், சொந்த வீடும் எழுத்திலுள்ள வாடகை உறுதியும் இல்லாதவனைத் தூக்கி ஏற்றுவது எவ்வளவு சுலபம் என்பதையும் அந்தக் காலைப்பொழுது காட்டியது.

இதைவிட நம் வாசகர்களான ஆசிரியர்கள் அன்றாடம் காணும் ஒன்றுண்டு. குழந்தைக்கு ஐந்து வயது நிறைந்தது. முதலாந் தர அனுமதிக்காக அயலிலிருந்த ஓர் அரசினர் பாடசாலையின் நேர்முகத்துக்குப் போனோம். அருகில் வசிப்போருக்கே முன்னுரிமை. அருகில் வசிப்பதைக் காட்ட உறுதி வேண்டும், அல்லது பதிவுசெய்த வாடகை ஒப்பந்தம் வேண்டும். வாக்காளர் இடாப்பிலே ஆண்டாண்டாகப் பெயர் வேண்டும். சொந்த வீட்டுக்காரனுக்குக் கூடிய புள்ளி, வாடகைக்காரனுக்குக் குறைந்த புள்ளி, பற்றுச்சீட்டும் இல்லாதவனுக்கு எதுவுமில்லை. பாடசாலை மணியோசை நம் அனெக்ஸுக்குக் கேட்கும். மணி கேட்கும் தூரத்துக்குப் புள்ளியில்லை. கட்டட விதியொன்று மேல் அறையைச் சட்டவிரோதமாக்குகிறது. சட்டவிரோதமான அறையில் ஒப்பந்தம் எழுத இயலாது. ஒப்பந்தமில்லாததனால் குழந்தை அயற்பாடசாலையை இழக்கிறது. காணித்துண்டின் அளவை நிருணயித்த பொறியியலாளர் இந்தக் குழந்தையை நினைத்திருக்க நியாயமில்லை. இன்றும் நேர்முக மேசைக்கு இப்பாலிருந்து அந்தப் பத்திரங்களைப் புரட்டும் ஆசிரியர்கள், வெறுங்கையோடு நிற்கும் பெற்றோர் எவ்வாறு வெறுங்கையராயினர் என்பதையும் ஒருகணம் நினைத்துப் பார்க்கலாம்.

வலய விதிகள் ஏழையை விலக்குவதற்கே வெளிப்படையாகப் பயன்பட்ட நாடும் உண்டு. அமெரிக்காவிலே 1910இல் பால்ற்றிமோர் நகரம் கறுப்பருக்கு வேறு தெரு, வெள்ளையருக்கு வேறு தெரு என்றே சட்டமியற்றியது. 1917இல் லூயிவில் நகர வழக்கிலே உச்ச நீதிமன்றம் அத்தகைய நிறவிதிகளைச் செல்லாதாக்கியது. ஒன்பதே ஆண்டுகளின் பின், 1926இல், யூக்கிளிட் என்ற சிற்றூரின் வழக்கிலே, ஒரு பகுதியில் தனிக்குடும்ப வீடுகளை மட்டுமே அனுமதிக்கும் அதிகாரத்தை அதே நீதிமன்றம் ஏற்றது. தனிவீட்டுப் பகுதிக்குள்ளே மாடிமனை எழுவதை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது அத்தீர்ப்பு. மாடிமனையில் வாழ்வோர் எவர்? வாடகைக்குடிகள். நிறத்தை எழுதக்கூடாதென்றால் காணியின் பரப்பை எழுதினாற் போதும், வேலை நடந்துவிடும்.

நிற்க. நம் தோழர்களின் ஆட்சேபம் நமக்குக் கேட்கிறது. "விதிகளைத் தளர்த்து என்பது முதலாளிகளின் கூக்குரலல்லவா? தளர்த்தினால் வான் தொடும் கோபுரங்களல்லவா எழும்?" என்பர். நியாயமான கேள்வி. கடந்த 20 ஆண்டுகளிலே கொழும்பில் எழுந்த கோபுரங்களைப் பார்த்தவர் எவரும் அப்படிக் கேட்பர். அவற்றின் விலை ஆசிரியனின் ஆயுட்காலச் சம்பளத்துக்கும் அப்பாற்பட்டது. இரவிலே அண்ணாந்து பார்த்தால் விளக்கெரியாத யன்னல்கள் எத்தனை! பணத்தைப் பூட்டிவைக்கும் இரும்புப் பெட்டிகளாகவே அவற்றுட் பல வாங்கப்படுகின்றன.

அது மட்டுமன்று. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியிலே படையினரின் காவலோடு வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. அதைத் தொடர்ந்த ஆண்டுகளிலே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரின் வடகிழக்கே எழுந்த மாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. 'குறைவசதிக் குடியிருப்பு' என்று பெயரிடுவதும், பெயரிட்ட காணியை மீட்டெடுப்பதும் விதியின் பெயராலேயே நடந்தன. முதலாளி வர்க்கம் வீட்டுப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, வேறிடத்துக்கு மாற்றுகிறது என்று 1872இல் ஏங்கல்ஸ் காட்டிய உண்மைக்கு இதைவிடத் தெளிவான உரை வேண்டுமா?

இங்கே ஊன்றிப் பார்த்தால் ஒன்று புலப்படும். கோபுரத்துக்கு விதி வளைந்தது. தோட்டத்துக்கு விதி நிமிர்ந்து நின்றது. எனவே விதி இருக்கவேண்டுமா, போகவேண்டுமா என்று கேட்பது பயன் தராது. யாருக்காக அது வளைகிறது என்பதே கேள்வி.

நம் இடதுசாரி இயக்கம் வாடகைக்குடிகளுக்காகச் செய்தவை சிறியன அல்ல. 1942இல் போர்க்காலத்திலே பிறந்த வாடகைக் கட்டுப்பாடு, 1972இன் வாடகைச் சட்டமாக வலுப்பெற்றது. பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்தபோது 1973இல் வந்த உச்சவரம்புச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு எல்லை வகுத்தது. பல வாடகைக்குடிகள் தாம் வாழ்ந்த வீட்டுக்கே சொந்தக்காரராயினர். முடுக்கு வீடுகளிலே பிறந்த பலர் இன்று உறுதி வைத்திருப்பது அந்தச் சட்டத்தினால்தான். ஆனால் இருந்த வீடுகளை நியாயமாகப் பங்கிட்ட அச்சட்டங்கள் புதிய வீடுகளைப் பிறப்பிக்கவில்லை. வாடகைக்கென்று தனியார் கட்டுவது அருகியது. அந்த இடைவெளியை நிரப்பும் அளவுக்கு அரசும் கட்டவில்லை. 1977இல் ஆட்சி மாறியது. 1980இன் திருத்தம் பல வீடுகளைப் பழைய சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்தது. பழைய குடிக்குச் சட்டம், புதிய குடிக்குச் சந்தை என்று வாடகைக்குடிகளே இரு கூறாயினர்.

இரண்டையும் ஒருங்கே செய்த நகரம் ஒன்றுண்டு. சமூக சனநாயகக் கட்சியின் கையிலிருந்த வியன்னா மாநகர சபை, 1923இல் வீடமைப்பு வரியொன்றை விதித்தது. பெரிய மாளிகைக்குப் பெரிய வரி, தொழிலாளியின் அறைக்குச் சிறிய வரி. அப்பணத்தைக் கொண்டு 1934க்குள் 60,000க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டி, குறைந்த வாடகைக்குக் கொடுத்தது. 1930இல் திறந்த கார்ல் மார்க்ஸ் மாடிமனையில் மட்டும் 1,382 வீடுகள். நம் காலத்திலோ, 2016இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் தன் குடியிருப்பு நிலத்தில் நான்கில் மூன்று பங்கிலே முன்னரினும் நெருக்கமாகக் கட்ட அனுமதித்தது. கட்டட அனுமதிகள் பெருகின. வாடகை ஏறும் வேகம் தணிந்ததென்று அங்குள்ள பொருளியலாளர் கணித்திருக்கின்றனர். ஆனால் விதியைத் தளர்த்திய கணமே காணியின் பெறுமதி ஏறும். அந்த ஏற்றம் எவனுடைய உழைப்பாலும் வந்ததன்று. ஒரு வர்த்தமானி அறிவித்தலால் வந்தது. வியன்னாவைப் போல அதன்மீது வரி விதித்து வீடு கட்டாவிட்டால், வாடகைக்குடிக்குச் சேரவேண்டியதிற் பாதியைக் காணிக்காரன் நோகாமற் கொண்டுபோய்விடுவான்.

நம் நாட்டிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. அது நம் அரசியல் எதிரிகளின் கையால் நடந்ததென்பதற்காக மறைக்கவேண்டியதில்லை. 1984இல் பிரேமதாசாவின் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் தொடங்கியபோது, கொழும்பின் தோட்டங்கள் சில விசேட திட்டப் பகுதிகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. அங்கே ஆறு பேர்ச் விதி செல்லாது. எவ்வளவு காணி, எவ்வளவு அகலப் பாதை, யன்னல் எந்தப் பக்கம் என்பவற்றைத் தோட்டத்து மக்களே அதிகாரிகளோடு கூடியிருந்து தீர்மானித்தனர். கிராண்ட்பாஸிலே உருவான நவகம்புர குடியிருப்பில் ஒரு குடும்பத்துக்கு இரண்டு பேர்ச். ஒழுங்குவிதியின் கணக்கிலே ஒரு வீடு நிற்கவேண்டிய நிலத்தில் அங்கே மூன்று நிற்கின்றன. இரண்டு பேர்ச்சிலே மனிதர் வாழ இயலாதென்று சொல்லப்பட்ட இடத்திலே மக்கள் கையிலே பணம் சேரச் சேரச் சுவரெழுப்பி, பின்னர் மாடியும் எழுப்பினர்.